‘ஹெவி வெதர்’ உங்களை எந்த இடத்தில் பிடித்தது?

நாலுதந்தி:

வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ 1977-இல் வெளிவந்தது. ஜாஸோடு ராக் போன்ற இசையைக் கலக்கும் ஜாஸ் ஃபியூஷன் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள்கூட இந்த ஒரு தட்டை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. அதன் பெருமையை எடுத்துச் சொல்லும் கட்டுரைகள் ஏராளம். எனக்கு வேண்டியது வேறு. எந்தப் பாட்டில், எந்த இடத்தில் அது உங்களை மடக்கியது? அதைச் சொல்லுங்கள்.

நானே தொடங்குகிறேன். எனக்கு ‘பேர்ட்லேண்ட்’டின் முதல் அரை நிமிடம். கல்லூரி விடுதியில் பக்கத்து அறையிலிருந்து கேட்டது. அடியில் தடித்த பேஸ் வரி ஒன்று உருண்டுகொண்டிருக்க, அதன்மேல் உச்சத்தில் கண்ணாடிபோல் ஒரு மெட்டு வருகிறது. நான் அப்போதே பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். ஆகவே காது தானாக அடியில் உருள்வதைப் பிடித்துக்கொண்டது. அறைக்காரர் தட்டின் உறையை நீட்டி, “நீ கேட்பது பேஸ் கிட்டார் இல்லை, மேலே பாடுகிறதே, அதுதான்” என்றார். அடியில் உருள்வது குழுவின் கீபோர்டுக்காரர் ஜோ ஸாவினுலின் ஆர்ப் 2600 சிந்தசைசர், அதாவது மின்னணு இசைக்கருவி. மேலே பாடுவதுதான் குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஜாக்கோ பாஸ்டோரியஸ்.

எப்படி வாசிக்கிறார் என்று பாருங்கள். இடது கை விரல் தந்தியை அழுத்துகிறது. வலது கைக் கட்டைவிரல் அதே தந்தியை ஒரு ஸ்தாயி தள்ளி, அழுத்தாமல், பட்டும் படாமலும் தொடுகிறது. அந்தக் கட்டைவிரலுக்குப் பின்னால் அடுத்த விரல் மீட்டுகிறது. இடது கை நகர நகர, வலது கையும் அதே அளவுக்குக் கூடவே நகர வேண்டும். மயிரிழை பிசகினாலும் சத்தமே வராது, ‘டொக்’ என்று நின்றுவிடும். இவ்வளவையும் செய்துவிட்டு அந்த மனிதர் நம் கவனத்தை விரல்பக்கம் திருப்புவதே இல்லை. நமக்குக் கேட்பது மெட்டு மட்டும். இந்தத் தட்டின் கவர்ச்சி முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி: வித்தை அத்தனையும் மெட்டுக்குள் பதுங்கிக்கொண்டிருக்கிறது.

மழைக்காலம்:

எனக்கு இசையறிவு கிடையாது, அண்ணா. மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. பாட்டில் சொற்கள் இருந்தால் கண் வழுக்கும் என்பதால் வாத்திய இசையாகத் தேடிக்கொண்டிருந்தேன். தம்பி இதை அனுப்பினான். ‘பேர்ட்லேண்ட்’ ஓடியது, பக்கம் பக்கமாக வேலையும் ஓடியது. இரண்டாவது பாட்டு ‘எ ரிமார்க் யூ மேட்’ வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

வேய்ன் ஷார்ட்டர் டெனர் சாக்ஸபோனில் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார். அவசரமே இல்லை. பேஸ் கிட்டார் அதைத் தன் குரலில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறது. கடைசியில் ஸாவினுல் சிந்தசைசரில் வந்து பேச்சை எடுத்துக்கொள்கிறார். ஏறக்குறைய ஏழு நிமிடம் இப்படியே போகிறது. யாரும் யாரையும் குறுக்கே வெட்டவில்லை. சொல்லே இல்லாத இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு ஒரு வரிகூடத் திருத்த முடியாது. வேலைக்கு உதவாத இசை என்று ஒதுக்கி, வேலை முடிந்தபின் கேட்கிறேன்.

தவில்வீட்டுப்பிள்ளை:

மூன்றாவது பாட்டு ‘டீன் டவுன்’ பற்றி யாரும் சொல்லவில்லையே. மூன்று நிமிடம்கூட இல்லை. பேஸ் கிட்டார்தான் அதில் பாடகர். ஒரே ஓட்டமாக ஓடுகிறது. நான் கேட்டது டிரம்ஸை. பேஸ் எங்கே மூச்சு விடுகிறது, எங்கே விடாது என்று முன்கூட்டியே தெரிந்ததுபோல் அடி விழுகிறது. இவ்வளவு பொருத்தம் எப்படி என்று வியந்து உறையைப் பார்த்தால், அந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்ததும் ஜாக்கோவேதான்! பாட்டை எழுதியவரும் அவர்தான். தட்டின் இணைத் தயாரிப்பாளர் என்று அவர் பெயர் சும்மா போடப்படவில்லை.

குழுவின் டிரம்ஸ்காரர் அலெக்ஸ் அக்குன்யா, பெரு நாட்டுக்காரர். அவரும் தாள வாத்தியக்காரர், போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த மனோலோ பாத்ரேனாவும் மட்டுமாகச் சேர்ந்து வாசித்ததுதான் ‘ரும்பா மாமா’. 1976-இல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ ஜாஸ் விழா மேடையில் பதிவானது. தாளமும் குரலும் தவிர வேறெதுவும் கிடையாது. தோல் வாத்தியம் இருக்கும் வீட்டில் பிறந்த எனக்கு அந்த இரண்டு நிமிடம் போதவில்லை. மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவதைப் பார்க்கும்போது கொஞ்சம் வருத்தமும் உண்டு.

பழைய கேசட்:

எல்லோரும் ஜாக்கோ புராணம் பாடுகிறீர்கள். நான் மாற்றிச் சொல்கிறேன். ஷார்ட்டரை இந்தத் தட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. 1970-இல் ஸாவினுல், ஷார்ட்டர், மிரோஸ்லாவ் விட்டூஷ் மூவரும் தொடங்கிய குழு இது. ஆரம்பத் தட்டுகளில் யார் எங்கே நுழைவார் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நிமிடமும் திறந்த வெளி. ‘ஹெவி வெதர்’ வந்தபோது எல்லாம் அளந்து தைத்த சட்டை. அழகான சட்டைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறந்த வெளி குறைந்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

ஆனாலும் இதைத் தூக்கிப்போட என்னால் முடிவதில்லை. வேலை நிமித்தம் நியூயார்க் போனபோது பிராட்வேயில் 52-ஆம் தெருவுக்கும் 53-ஆம் தெருவுக்கும் இடையே நடந்தேன். பேர்ட்லேண்ட் கிளப் அங்கே 1949-இல் திறந்தது. ‘பேர்ட்’ என்பது சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் செல்லப்பெயர். அவர் பெயரில் கிளப். வியன்னாவிலிருந்து 1959-இல் அமெரிக்கா வந்த ஸாவினுலுக்கு அதுதான் பள்ளிக்கூடம். பெரிய கலைஞர்களைக் கண்டதும் அங்கே, தன் மனைவியைச் சந்தித்ததும் அங்கே. சற்றுத் தள்ளி 53-ஆம் தெரு முனையில் பலேடியம் நடனக்கூடம் இருந்தது. மாம்போ இசைக்குப் பெயர்போன இடம். ஷார்ட்டர் இந்தத் தட்டுக்கு எழுதிய இரண்டு பாட்டுகளில் ஒன்றின் பெயர் ‘பலேடியம்’. ஆக, இரண்டு பேர், இளமையில் தங்களை ஈர்த்த இரண்டு கூடங்கள், இடையில் சில கட்டிடங்கள். ஒரே தட்டில் ஆளுக்கொரு பக்கத்தில் இரண்டுக்கும் பாட்டு. இப்போது அங்கே இரண்டும் இல்லை, 1960-களிலேயே மூடிவிட்டார்கள். நான் பார்த்தது கடைகளும் சுற்றுலாக் கூட்டமும்தான். காதில் ‘பலேடியம்’ ஓடிக்கொண்டிருந்ததால் அந்த நடைபாதை எனக்குச் சலிக்கவில்லை.

நாலுதந்தி:

பழைய கேசட் ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஷார்ட்டர் குறைவாக வாசிக்கிறார், உண்மை. ஆனால் அளந்து தைத்தது என்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஸாவினுல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் குழுவில் சுமார் ஒன்பது ஆண்டுகள் இருந்தவர். அந்தக் குழுவுக்குப் புகழ் தந்த ‘மெர்ஸி, மெர்ஸி, மெர்ஸி’ பாட்டை எழுதியவர். தெருவில் போகிறவன் நின்று கேட்கும்படி எழுதுவது அவருக்குப் புதிதல்ல. ‘ஹெவி வெதர்’ வந்த அதே ஆண்டு டவுன்பீட் என்ற ஜாஸ் இதழின் வாசகர்கள் இதைச் சிறந்த ஜாஸ் ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவுக்குப் பிடித்தது விவரம் தெரிந்தவர்களுக்கும் பிடித்திருக்கிறது.

திறந்த வெளி வேண்டுமென்றால் கடைசிப் பாட்டு ‘ஹவோனா’வுக்குப் போங்கள், ஐயா. அது ஜாக்கோ எழுதியது; அதில் ஷார்ட்டருக்கும் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. பிறகு பேஸ் தனியாகப் புறப்படுகிறது. ஸ்வர இடங்களைப் பிரிக்கும் உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகளை நீக்கி, பலகைமேல் எபாக்ஸி என்ற கெட்டிப் பிசின் பூசிய கருவி. ஆகவே ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிக்கொண்டு போக முடிகிறது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தக் குழைவு உடனே பிடிபடும். அந்தத் தனி வாசிப்பின் நடுவில் மேற்கத்திய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ தொடக்கத்தில் பசூன் என்ற குழல் வாத்தியத்தில் வரும் மெட்டை ஜாக்கோ போகிற போக்கில் செருகிவிட்டுப் போகிறார். தெரிந்தவர் சிரிக்கலாம், தெரியாதவருக்கும் எதுவும் குறையாது.

இவற்றையெல்லாம் வாசித்தபோது அவருக்கு 25 வயதுதான். 1987-இல் 35 வயதில் இறந்தார். ஒரு கிளப் வாசலில் அடித்துப் போட்டார்கள், மீளவில்லை.

மழைக்காலம்:

அடுத்து எதைக் கேட்பது என்று யாராவது சொல்லுங்கள். மறுபடியும் வேலை கெட்டாலும் பரவாயில்லை.

பழைய கேசட்:

‘பிளாக் மார்க்கெட்’ கேளுங்கள், அம்மா. 1976, இதற்கு முந்தைய தட்டு. ஜாக்கோ அதில் இரண்டு பாட்டில்தான் இருக்கிறார், மற்றவற்றில் அல்ஃபோன்ஸோ ஜான்சன். அது பிடித்தால் 1979-இன் மேடைப் பதிவு ‘எய்ட் தர்ட்டி’. அதில் ‘பேர்ட்லேண்ட்’டும் ‘டீன் டவுன்’னும் உங்களுக்குப் பிடித்த ‘எ ரிமார்க் யூ மேட்’டும் மறுபடி வருகின்றன, டிரம்ஸில் பீட்டர் எர்ஸ்கின். ஷார்ட்டர் தனியாக நின்று வாசிக்கும் இடமும் ஒன்று உண்டு. அதைக் கேட்டுவிட்டு நாலுதந்தியோடு நான் ஏன் சண்டை போடுகிறேன் என்று சொல்லுங்கள்.