புதுப்பிப்பு: தேரூர் குளத்துப் பச்சை நீரில் உயிர் இருக்கிறதா?

தேரூர் குளத்தில் எடுத்த பச்சை நீரில் இருப்பது உயிருள்ள பாசியா, செத்த பாசியா என்று ஒளியை வைத்தே சொல்ல முடியுமா என முன்பு கேட்டிருந்தேன். முடியும்.

நாகர்கோவிலில் ஆய்வகத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் செய்து காட்டினார். முதலில் பாசியை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து, இருட்டில் நீல விளக்கை அடித்தார். பச்சைச் சாறு கருஞ்சிவப்பாக ஒளிர்ந்தது! ஆனால் அந்தச் சாற்றில் உயிரே கிடையாது. சிவப்பு ஒளிர்வு பச்சையம் இருப்பதற்கு மட்டுமே சாட்சி; பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

உயிரைக் காட்டுவது ஒளிர்வில் வரும் மாற்றம். நீரைச் சுமார் 20 நிமிடம் இருட்டில் வைத்து, மங்கிய ஒளியில் ஒருமுறை அளந்து, உடனே பலத்த ஒளியைப் பாய்ச்ச வேண்டும். ஒளிச்சேர்க்கை நடக்கும் செல்களில் ஒளிர்வு சட்டென்று எகிறும். எங்கள் குளத்து நீரில் எகிறியது. கொதிக்கவைத்து ஆறவிட்ட அதே நீரில் அசைவே இல்லை. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

பச்சையம் இல்லாத பாக்டீரியாவுக்கு இது உதவாது. அதற்கு மின்மினியிடமிருந்து கிடைத்த லூசிஃபெரேஸ் நொதி இருக்கிறது. லூசிஃபெரின் என்ற பொருளோடும், உயிருள்ள செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியோடும் அது சேர்ந்தால் ஒளி பிறக்கும்.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் நீரை நாமே கண்காணிக்க வேண்டும் என்பது என் ஆசை. அடுத்து மணக்குடி கழிமுகம். உடன் வர விரும்புவோர் நீர் எடுக்கும் பாட்டிலைக் கறுப்புத் துணியால் சுற்றிக் கொண்டுவாருங்கள்.