மறு: அணியை நடுவில் விட்டுப் போகிறவருக்கு என்ன சொல்?

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஐவர் அணிகள் இரண்டு மோதும் ஓர் இணைய விளையாட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்பினை அனுப்ப வேண்டும், ஒரு சொல்லில் நிற்கிறேன். ஆட்டம் நடக்கும்போதே அணியை விட்டுவிட்டுக் கிளம்புகிறவரை என்ன சொல்வது? பசங்க ‘லீவர்’ என்கிறார்கள், ‘லெஃப்ட் அடிச்சுட்டான்’ என்கிறார்கள்.

நான்கு விஷயங்கள் குழம்பக் கூடாது. வேண்டுமென்றே போவது ஒன்று. நெட் போய்த் துண்டிக்கப்படுவது ஒன்று. உள்ளேயே இருந்துகொண்டு மரம்போல் நிற்பது ஒன்று, அதை ‘ஏஎஃப்கே’ (அவே ஃப்ரம் கீபோர்ட்) என்கிறார்கள். அணியே வாக்கெடுத்துத் தோல்வியை ஒப்புக்கொள்வது இன்னொன்று; லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டில் 20 நிமிடம் தாண்டி ஐவரில் நால்வர் சரி என்றால் ஆட்டம் முடிந்தது. அதற்குச் ‘சரண்’ போட்டுவிட்டேன். முதலாவதுக்கு இப்போதைக்கு ‘விலகி’ என்று வைத்திருக்கிறேன். திரையில் இடம் குறைவு, சொல் சின்னதாக இருக்க வேண்டும்.

மு. எழுதியது:

தம்பி, ‘விலகி’ வேண்டாம். வினையெச்சமும் அதுதானே. ‘விலகி தண்டிக்கப்பட்டார்’ என்று திரையில் வந்தால், விலகிய பிறகு தண்டிக்கப்பட்டாரா, விலகி என்கிற ஆள் தண்டிக்கப்பட்டாரா? ‘வடிகட்டி’ பெயர்ச்சொல்லாக நிற்கிறதே என்பீர்கள். வடிகட்டி யாரிடமும் தண்டனை வாங்குவதில்லை.

வள்ளுவர் எப்போதோ முடித்துவைத்துவிட்டார். தீ நட்பு, குறள் 814:

அமரகத்து ஆற்றறுக்கும் கல்லாமா அன்னார்
தமரின் தனிமை தலை.

போர்க்களத்தின் நடுவில் வீரனைத் தள்ளிவிட்டு ஓடும் பழக்கப்படாத குதிரை! செயலுக்கு ‘ஆற்றறுப்பு’, ஆளுக்குக் ‘கல்லாமா’. அப்படிப்பட்ட கூட்டுக்குத் தனியாக ஆடுவதே மேல் என்றும் சொல்லிவிட்டார்.

பு. எழுதியது:

ஐயா, ஆற்றறுப்பு என்றால் எங்கள் பக்கம் கொள்ளிடம் கரையை அறுத்துக்கொண்டது என்றுதான் நினைப்பார்கள். ஆறுதான் வேண்டுமென்றால் ‘நட்டாற்றில் விட்டான்’ இருக்கிறதே, அது பிள்ளைகளுக்கும் தெரியும். நாளை ஒன்பதாம் வகுப்பில் கேட்டுவிட்டு வருகிறேன்.

மு. எழுதியது:

அம்மா, அந்த ஆறும் இந்த ஆறும் ஒன்றே. ஆறு என்றால் வழி. நீர் போகும் வழியும் ஆறு. ஆற்றுப்படை வழியில் சேர்ப்பது, ஆற்றறுப்பது நடுவழியில் அறுத்துவிடுவது. கவுன்சலிங்குக்கு ‘ஆற்றுப்படுத்தல்’ என்று எழுதுகிறார்களே, அங்கே புரிகிற ஆறு இங்கே மட்டும் புரியாமல் போகுமா? ஆற்றலை அறுப்பது என்று பிரித்துக்கொண்டு யாராவது வருவார்கள். அப்படிப் பிரித்தால் குறளில் குதிரை நிற்காது.

இன்னொரு வழியும் உண்டு. படு, பாடு, கெடு, கேடு, சுடு, சூடு. அதே மாதிரி விடு, வீடு. முதனிலை திரிந்த தொழிற்பெயர். அறம் பொருள் இன்பம் வீடு என்பதில் வீடு விடுதல்தான். ஆகவே ‘அணிவீடு’ என்றும்கூட ஆக்கலாம்.

இ. எழுதியது:

அணிவீடு என்று போட்டால் வீட்டு மனை விளம்பரம் என்று தொடாமல் போய்விடுவார்கள் ஐயா. ஆனால் பாதிப் பேர் போவது வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டதால்தான், அந்த மட்டில் சரி.

நான் தினமும் ஆடுகிறவன், ஒன்று சொல்கிறேன். நேற்று இரவு டோட்டா 2, அதுவும் ஐவர் அணி ஆட்டம்தான். நாற்பதாவது நிமிடத்தில் எங்களில் ஒருவன் திட்டிவிட்டுப் போய்விட்டான். அவன் திரும்பி வர 5 நிமிடம் அவகாசம் உண்டு. நாங்கள் நால்வரும் கோபுரத்தடியில் பதுங்கிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தோம். வரவில்லை. அவனுடைய தங்கம் (ஆட்டத்துக்குள் செலவழிக்கிற காசு) எங்களுக்குப் பங்காக வர ஆரம்பித்தது, இனி யார் போனாலும் தண்டனை இல்லை என்று அறிவிப்பும் வந்தது. உடனே இன்னொருவன் போனான். இருவரும் விலகினவர்கள்தான், முதலாமவன் மட்டும்தான் குற்றவாளி. கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டில் இந்தக் குற்றத்துக்கு 30 நிமிடம், 2 மணி நேரம், 24 மணி நேரம், 7 நாள் என்று தடை ஏறிக்கொண்டே போகும். ஆகவே வெறும் போதலுக்கு ‘வெளியேறு’, குற்றத்துக்குக் ‘கைவிடல்’. வள்ளுவரே வேண்டுமென்றால் ‘கெடுங்காலைக் கைவிடுவார்’ 799இல் இருக்கிறார், அவருக்கு உரை தேவையில்லை.

ந. எழுதியது:

‘மழையால் ஆட்டம் கைவிடப்பட்டது’ என்று விளையாட்டுப் பக்கத்தில் படித்ததில்லையா? கைவிடப்படுவது ஆட்டமா அணியா? சுருக்கமாக ‘ஓடுகாலி’ என்று வைத்துவிட்டுப் போங்களேன்.

பு. எழுதியது:

ஓடுகாலி என்று ஊரில் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரிந்துதான் எழுதினீர்களா? பெண்களைத்தான். வேண்டாம்.

யா. எழுதியது:

யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு சொல். அடுத்து யாராவது ‘தப்பியோடியவர்’ என்று வரக்கூடும், முன்கூட்டியே மறுக்கிறேன். இங்கே அது படையை விட்டு ஓடினவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வரும் சொல். விளையாட்டுக்கு எடுக்க மனம் வரவில்லை.

பு. எழுதியது:

வகுப்பில் கேட்டேன். ‘ஆற்றறுப்பு’ என்று எழுதிப் போட்டதும் முதல் பெஞ்சிலிருந்து, “மணல் அள்ளுறதா மிஸ்?” கைவிடல் புரிந்தது. ஆளுக்கு என்ன சொல்வீர்கள் என்றேன். “பேட்டிங் முடிஞ்சதும் பந்து போடாம வீட்டுக்குப் போறவன் மிஸ்” என்றான் ஒருவன். அதற்கு என்ன பெயர் என்றால், “எஸ்கேப்பு.” அவ்வளவுதான்.

செ. எழுதியது:

வெள்ளி இரவு 11 மணி. பள்ளி ‘இடைநிற்றல்’ செய்திகளில் பழகிப்போன சொல் என்பதால், அதன் சாயலில் ‘இடைவிலகல்’, ‘இடைவிலகியவர்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். தனிமடலில் ஆறு பேர் சரி என்றார்கள், மூவர் கைவிடலிலேயே நிற்கிறார்கள். பொத்தானில் ‘வெளியேறு’. அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம். கைபேசியா செல்பேசியா அலைபேசியா என்பதே இன்னும் முடியவில்லை.

மு. எழுதியது:

இடை என்றால் இடுப்பும்தான். இடைவிலகல் ஏதோ எலும்பு முறிவு வைத்தியம் போல் இருக்கிறது. என் வாக்கு ஆற்றறுப்புக்கே, பதிவில் இருக்கட்டும். உரையாசிரியர்கள் ‘கல்லாமா’வுக்குச் சொன்னதை நாளை விரிவாக எழுதுகிறேன்.