மறு: ரெப்பிளில் நூலகம் தேட ஒரு சொல் – என் வாக்கு 'துழாவு'க்கு

எல்லோருக்கும் வணக்கம்.

காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கான தமிழ்க் கையேட்டில், நூலகங்களை (பிறர் எழுதிவைத்த நிரல்களின் லைப்ரரி) தேடும் சிஸ்டம்-அப்ரோபோஸ் கட்டளைக்கு என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். சொல் சரியா தப்பா என்று நிறையப் பேசிவிட்டோம், ஆனால் அந்தக் கட்டளை உண்மையில் என்ன செய்கிறது என்பதை யாரும் விரித்து எழுதவில்லை. அதனால் இந்த மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'தேடு' என்றே வைத்துக்கொள்ளலாமே. இருக்கிற நல்ல சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் எதற்கு?

ஐயா சொல்வது நியாயம்தான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கையேட்டின் மூன்றாம் பகுதியில் 'தேடு' என்றுதான் எழுதியும் வைத்திருந்தேன். பிறகு காமன் லிஸ்ப் புதிதாகக் கற்கிற ஒரு தம்பி அதைப் படித்துவிட்டு, ரெப்பிளை (நாம் அடிக்கும் கட்டளையை உடனே இயக்கி விடை காட்டும் திரை) திறந்து (க்யூஎல்:சிஸ்டம்-அப்ரோபோஸ் "ஹெச்டிடிபி") என்று அடித்திருக்கிறான். திரை நிறையப் பெயர்கள் வந்தன. அந்தப் பட்டியலில் ட்ராக்மா இல்லை, டெக்ஸடோரும் இல்லை. வலைப்பக்கத்தை இழுத்து வர லிஸ்ப்காரர்களில் பெரும்பாலோர் எடுப்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான். தம்பி எனக்கு எழுதினான்: "அண்ணா, தேடு என்று போட்டிருக்கிறீர்கள், தேடவே இல்லையே."

அவன் மேல் தப்பில்லை. கூகிள் வந்தபின் 'தேடு' என்ற சொல்லுக்கு நம் மனத்தில் ஒரு எதிர்பார்ப்பு ஏறிவிட்டது. பொருளைச் சொன்னால் போதும், பெயர் தெரியாவிட்டாலும் அது கண்டுபிடித்துத் தரும் என்று நினைக்கிறோம். சிஸ்டம்-அப்ரோபோஸ் அதைச் செய்வதில்லை. லிஸ்ப் நூலகங்களை இறக்கித் தரும் க்விக்லிஸ்ப்பை 2010இல் ஸாக் பீன் வெளியிட்டதிலிருந்து அது சேர்த்துவைத்திருக்கும் நூலகங்கள் 1500க்கு மேல். அவற்றின் பெயர்ப்பட்டியல் நம் கணினியிலேயே இறங்கி இருக்கிறது. நாம் கொடுக்கும் எழுத்துத் துண்டு அந்தப் பெயர்களில் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. அவ்வளவுதான். இணையத்துக்குப் போவதில்லை, நூலகத்தின் விளக்கத்தைப் படிப்பதில்லை, பொருளைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜேசன் என்ற தரவு வடிவம். "ஜேசன்" என்று ஆங்கில எழுத்து நான்கையும் கொடுத்துப் பாருங்கள், பெயரில் அதே நான்கு எழுத்தும் வரிசையாக இருப்பவை எல்லாம் வந்து நிற்கும். ஆனால் லிஸ்ப்காரர்கள் பெயர் வைப்பதில் கொஞ்சம் குறும்புக்காரர்கள். ஒருவர் முதலெழுத்தைக் கழற்றிவிட்டு ஒய் போட்டு யேசன் என்று வைத்தார். இன்னொருவர் எஸ் வருமிடத்தில் இசட் போட்டார். வேறொருவர் நடுவில் ஒரு டபிள்யூவைச் செருகிவிட்டார். ஜோனதன் என்று ஆள் பெயரையே வைத்தவரும் உண்டு. நான்குமே ஜேசன் கையாளும் நூலகங்கள்தான், நல்லவையும்கூட, ஆனால் நான்குமே அந்தப் பட்டியலில் வராது. எக்ஸ்எம்எல் என்று கேட்டால், அந்த வடிவத்தைப் படிக்கும் நூலகமான பிளம்ப் வராததும் இதனால்தான்.

இருட்டில் பைக்குள் கைவிட்டுச் சாவியைப் பார்க்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல்வோம்? தேடுகிறான் என்றும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் துழாவுகிறான் என்றால்தான் அந்தக் கை கண்ணுக்குத் தெரிகிறது. கையில் தட்டுப்படுவது மட்டும் கிடைக்கும், தட்டுப்படாதது பக்கத்திலேயே கிடந்தாலும் கிடைக்காது. சிஸ்டம்-அப்ரோபோஸின் வேலை அச்சு அசலாக இதுதான். (துழாவு "ஹெச்டிடிபி") என்று எழுதியிருந்தால் அந்தத் தம்பி எனக்கு மடல் போட்டிருக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

அப்புறம், 'தேடு'வைத் தூக்கிப் போடவும் சொல்லவில்லை. க்விக்சர்ச் என்று ஒரு நூலகம் இருக்கிறது, சிலர் பார்த்திருப்பீர்கள். அது க்விக்லிஸ்ப்போடு நிற்காமல் க்ளிக்கி, கிட்ஹப் போன்ற இணையதளங்கள் என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவுகளை ரெப்பிளிலேயே அடுக்கிக் காட்டும். அதற்குத் 'தேடு' கச்சிதமாகப் பொருந்தும். (வேடிக்கை என்னவென்றால் அதை எழுதியவர் அந்தக் கட்டளைக்கு வெறும் கேள்விக்குறியையும் சுருக்கப் பெயராக வைத்திருக்கிறார். நம் பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்திருக்கும்.) ஆக உள்ளுக்குள் கைவிடுவது துழாவு, வெளியே போய் வருவது தேடு. இரண்டு வேலைக்கு இரண்டு சொல்.

> அப்ரோபோஸ் பிரெஞ்சுச் சொல். 'இதைப் பற்றி' என்று பொருள். எனவே 'பற்றி' என்பதே நேர்த் தமிழாக்கம்.

நேர்தான், ஆனால் எனக்கு இது உடன்பாடில்லை. ரெப்பிளில் நாம் அடிப்பதெல்லாம் ஏவல். காட்டு, ஏற்று, நிறுத்து என்று கணினிக்குக் கட்டளை போடுகிறோம். தமிழில் வினையடியே ஏவலாக நிற்கும் என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி, அதை விட்டுவிட்டு அந்தரத்தில் தொங்கும் ஒரு 'பற்றி'யை ஏன் அங்கே வைக்க வேண்டும்? அதுபோக (பற்றி "எக்ஸ்எம்எல்") என்பதைப் பார்த்தால் எனக்கு எதுவோ பற்றிக்கொண்டு எரிகிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. அதே பெயரில் யுனிக்ஸிலும் ஒரு கட்டளை உண்டு. ஆனால் அது கையேட்டுப் பக்கத்தின் பெயரோடு அதன் ஒற்றை வரி விளக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும். 1994இன் ஆன்சி தரத்தில் இருக்கும் லிஸ்ப்பின் அப்ரோபோஸ் குறியீடுகளின் பெயரை மட்டும்தான் பார்க்கும். மூலப் பெயரே இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்யும்போது மூலத்தின் வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தமிழாக்குவதில் என்ன லாபம்? செய்கிற வேலைக்குப் பெயர் வைப்போம்.

> இலங்கையில் உசாத்துணை என்பது பழகிய சொல். ஆகவே 'உசாவு' எப்படி?

அழகான சொல், மறுக்கவே மாட்டேன். ஆனால் உசாவுவது என்றால் விஷயம் தெரிந்தவரிடம் கேட்டறிவது. சிஸ்டம்-அப்ரோபோஸுக்கு ஒன்றும் தெரியாது என்பதுதானே மேலே நான் போட்ட புலம்பல் முழுவதும். 'உசாவு'வை லிஸ்ப்பின் டிஸ்க்ரைப் கட்டளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு பெயரைக் கொடுத்தால் அது என்ன, அதன் விளக்கவுரை என்ன என்று அது சொல்கிறதே, அதுதான் உசாவல்.

நூலகத்தை ஏற்றும் க்விக்லோடு கட்டளைக்கு 'ஏற்று' என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஏற்று என்பது வெறும் லோடு. க்விக்லோடு கையில் இல்லாததை இறக்கி, அது சார்ந்திருக்கும் மற்ற நூலகங்களையும் இறக்கி, பிறகுதான் ஏற்றுகிறது. அதற்கு என் பரிந்துரை 'தருவி'. ஊரிலிருந்து விதை தருவித்தார்கள் என்கிறோமே, அந்தத் தருவி. (தருவி "ட்ராக்மா"). நாம் எழுந்து போக வேண்டாம், பொருள் நம் இடத்துக்கு வரும்.

> லைப்ரரிக்கு 'நூலகம்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. நிரலில் புத்தகம் எங்கே இருக்கிறது? 'நிரலகம்' என்போம்.

இதில் நான் பழமைவாதி. கேம்பிரிட்ஜில் 1949இல் எட்சாக் என்ற கணினி ஓட ஆரம்பித்தபோது, அடிக்கடி வேண்டிய துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களில் ஏற்றி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டியவர் அந்த நாடாவை எடுத்துவந்து தன் நாடாவில் பிரதி எடுத்துக்கொண்டு, திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அலமாரி, அடுக்கு, எடுத்துப்போய்த் திருப்பி வைப்பது எல்லாம் இருந்தால் அது நூலகமில்லாமல் வேறென்ன? நூலகமே இருக்கட்டும்.

சிஸ்டம் என்பதுதான் சிக்கல். 'அமைப்பு', 'முறைமை' இரண்டும் ஏற்கனவே ஆயிரம் வேலை பார்த்துக் களைத்துப்போன சொற்கள். லிஸ்ப்பில் சிஸ்டம் என்றால் என்ன? இந்தக் கோப்புகள், இந்த வரிசையில், இவற்றுக்கு முன் இன்னின்னவை ஏறியிருக்க வேண்டும் என்கிற ஒரு கட்டுமானக் குறிப்பு. எனக்கு இது சுவடிக்கட்டைத்தான் நினைவூட்டுகிறது. ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்து வரிசை மாறாமல் கட்டி வைப்பார்கள், வரிசை மாறினால் பாட்டு மாறிவிடும். ஆகவே 'கட்டு'. நூலகத்துக்குள் கட்டுகள் இருப்பதும் இயல்பாகவே வந்துவிடுகிறது. மற்றப்படி பாக்கேஜை 'தொகுப்பு' என்று சொல்ல வேண்டாம் என்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கம்பைலரைத் தொகுப்பி என்பவர்கள் நம்மில் பாதிப் பேர். அதுபோக லிஸ்ப்பில் பாக்கேஜ் ஒரு மூட்டையே இல்லை, பெயர்கள் குடியிருக்கும் இடம்.

ரெப்பிளுக்கு ஒருவர் 'வினாச்செப்பு' என்று எழுதியிருந்தார். தொல்காப்பியத்தின் "செப்பும் வினாவும்" என்பதிலிருந்து எடுத்தது, பார்த்ததும் எழுந்து கைதட்டத் தோன்றியது. ஆனாலும் யோசித்தால் இடறுகிறது. ரெப்பிளில் நாம் கேள்வி மட்டுமா கேட்கிறோம்? புதுச் செயற்கூற்றை வரையறுக்கிறோம், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நடுவில் ஒரு துண்டை மாற்றி வைக்கிறோம். படி, மதிப்பிடு, அச்சிடு, திரும்பப் போ என்ற நான்கு படியில் வினா என்பது ஒரு தனி நிகழ்வு மட்டுமே. இப்போதைக்கு ரெப்பிள் ரெப்பிளாகவே இருக்கட்டும். பிராம்டுக்கு (கட்டளை அடிக்கலாம் என்று திரையில் காட்டும் குறி) 'அடியெடுப்பு' என்றதும் இதே கதைதான். சேக்கிழாருக்கு இறைவன் "உலகெலாம்" என்று அடியெடுத்துக் கொடுத்தான் என்பார்கள். லிஸ்ப்பை ஓட்டும் மென்பொருளான எஸ்பிசிஎல் நமக்கு எடுத்துக் கொடுப்பது ஒரு நட்சத்திரக் குறி. அதை வைத்துக்கொண்டு என்ன பாடுவது? 'தூண்டி' போதும்.

கடைசியாக, இதைச் சும்மா எழுதிப் போடவில்லை, எஸ்பிசிஎல்லில் ஓட்டியும் பார்த்தேன். (டிஃபன் துழாவு (சொல்) (க்யூஎல்:சிஸ்டம்-அப்ரோபோஸ் சொல்)) என்று கொடுத்தால் (டிஃபன் என்பது புதுச் செயற்கூற்றை வரையறுக்கும் சொல்) எந்த முனகலும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலப் பெயர்களை எல்லாம் பெரிய எழுத்தாக்கிப் படிப்பது லிஸ்ப்பின் வழக்கம், நமக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லாததால் அந்தத் தொல்லையும் இல்லை. ஒரு வம்பு மட்டும் இருக்கிறது. 'தொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரலாம். எஸ்பிசிஎல் குறியீட்டுப் பெயர்களைப் படிக்கும்போது இயல்பாக்கிச் சேர்த்துவிடுகிறது, மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தைத் தொடுவதில்லை. ஆகவே கொம்பும் காலுமாக உள்ளிடும் விசைப்பலகையில் (அப்ரோபோஸ் "தொ") என்று அடித்தால், கண்ணெதிரே இருக்கும் பெயர்கூடச் சிக்காது. துழாவிய கையில் உறை மாட்டியிருந்த மாதிரி. கையேட்டில் இதற்கு ஒரு பெட்டிச்செய்தி வேண்டும்.

---

அண்ணா, வணக்கம்.

> கையில் தட்டுப்படுவது மட்டும் கிடைக்கும், தட்டுப்படாதது பக்கத்திலேயே கிடந்தாலும் கிடைக்காது.

விளக்கம் பிடித்திருக்கிறது, ஆனால் எங்கள் பக்கம் துழாவுவது என்றால் வேறு. களத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் துழாவுவோம், அடுப்பில் இருக்கும் கஞ்சியைத் துடுப்பால் துழாவுவோம். எதையும் கண்டுபிடிப்பதற்காக இல்லை, கிளறிவிட. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் (துழாவு "எக்ஸ்எம்எல்") என்பதைப் பார்த்தால் கலைத்துவிடும் கட்டளை என்று பயப்பட மாட்டார்களா? 'தடவு' பார்க்கலாமா?

அதைவிடப் பெரிய கவலை ழகரம். நேற்று என் வகுப்பில் இதைக் கொடுத்துப் பார்த்தேன். ஏழு பேரில் மூன்று பேர் 'துலாவு' என்று அடித்தார்கள், ஒருத்தி 'துளாவு'. நான்கு பேருக்கும் அப்படி ஒரு செயற்கூறே இல்லை என்று, நிரலில் பிழை வந்தால் திறக்கும் பிழைதிருத்தி (டீபக்கர்) வாய் திறந்து நின்றது. முதல் நாளே பிழைதிருத்தியைப் பார்த்தால் பிள்ளைகள் அரண்டுபோகிறார்கள் அண்ணா.

---

> 'தடவு' பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி. எண்ணெய் தடவுவது, முதுகைத் தடவுவது எல்லாம் முன்னால் வந்து நிற்கும். நெல் துழாவுவது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளறுவதும் கைவிட்டுப் பார்ப்பதும் ஒரே அசைவுதான், பையைத் துழாவினான் என்று எழுதினால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். எழுதும் இடம் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ழகரத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. 'துலாவு'க்கும் ஒரு டிஃபன் எழுதிப் போடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது, உடனே வெட்கமாகவும் இருந்தது. பிழைதிருத்தியைப் பற்றிச் சொன்னாயே, அதை வேறு மாதிரி பார். லிஸ்ப்பில் அது வாய் திறந்தால் வேறு பெயரைக் கொடுத்து விட்ட இடத்திலிருந்தே தொடரவும் வழி சொல்லும். அந்த நான்கு பேருக்கும் அந்த வழியைக் காட்டிக்கொடுத்தாயா? இல்லையென்றால் அடுத்த வகுப்பில் வேண்டுமென்றே தப்பாக அடிக்கச் சொல்லி அதிலிருந்தே ஆரம்பி.

துழாவு, தருவி, கட்டு மூன்றையும் ஞாயிறு இரவு கையேட்டில் ஏற்றுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் அதற்குள் எழுதுங்கள். பாக்கேஜ் சண்டைக்குத் தயவுசெய்து தனி இழை திறக்கவும்.