பத்துல ஒரு பங்கு புள்ளி

குழு: பெங்களூர் சொந்தங்கள்

பெரியப்பா பனசங்கரி: [படம்]
மன்னார்குடியில இருந்து குத்தகைக்காரர் அனுப்பினது. நம்ம பிபிடி நெல் ரகம் போட்ட வயல். இலையில பத்துல ஒரு பங்கு புள்ளியாம். மிச்சம் பச்சையாத்தான் இருக்கு. விட்டுடலாமா?

சுந்தர்: பத்து பர்சென்ட் இலை போனா பத்து பர்சென்ட் நெல்லு போகும். மருந்தும் கூலியும் அதுக்கு மேல ஆகும். விட்டுடுங்க பெரியப்பா.

ரேவதி ஜிகேவிகே: அண்ணா அந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது

ரேவதி ஜிகேவிகே: நடுவுல சாம்பல், ஓரம் பழுப்பு, ரெண்டு முனையும் கூர். பூஞ்சையால வர்ற குலை நோய்தான். நமக்குத் தெரியறது செத்த இடம் மட்டும். அதைச் சுத்திப் பச்சையா இருக்கிற இடத்துலயும் ஒளிச்சேர்க்கை படுத்துடும். நெதர்லாந்துக்காரர் பாஸ்டியான்ஸ் 1991ல அளந்து எழுதினார். நெல்லுல இந்த நோய்க்குப் புள்ளியைப் போல சுமார் மூணு மடங்கு பரப்பு முடங்குதாம்.

சுந்தர்: அப்போ 30?

ரேவதி ஜிகேவிகே: 27. புள்ளி இல்லாத பங்கு 0.9 தானே, 0.9 × 0.9 × 0.9 போட்டுப் பாரு, 0.73 வரும். அதுதான் மிச்சம். அதுவும் இலையோட உழைப்புக் கணக்குதான், மூட்டைக் கணக்கு இல்ல.

லலிதா அத்தை: பச்சையா இருக்கிற இலை ஏன்டி சும்மா கிடக்கும்?

ரேவதி ஜிகேவிகே: பூஞ்சை புள்ளியோட நிக்காது அத்தை, அதோட நஞ்சு பக்கத்துலயும் பரவும். இலை செய்யிற சர்க்கரை குறையும், சுவாசம் கூடி இருக்கிறதும் கரையும். கோதுமைத் துரு நோய் இன்னும் தந்திரம். அதுக்கு உயிரோட இருக்கிற இலை வேணும். அதனால இலை மஞ்சளானாலும் தன்னைச் சுத்தி மட்டும் பச்சை வட்டத்தைக் காப்பாத்தி வச்சு உறிஞ்சிக்கும்.

லலிதா அத்தை: கறவை மாட்டுக்குத் தீனி போடுற மாதிரி 😄

ரேவதி ஜிகேவிகே: அதேதான்!! பெரியப்பா, பயிர் என்ன பருவம்?

பெரியப்பா பனசங்கரி: இன்னும் பொதி கட்டலை, தண்டுக்குள்ள கதிர் பருக்கலை.

ரேவதி ஜிகேவிகே: நல்லவேளை. பால் பிடிக்கும்போது கண்ணாடி இலையை, அதான் உச்சியில வர்ற கடைசி இலையை, நம்பித்தான் கதிர் இருக்கு. அதுல நோய் ஏறினா கருக்காய்தான், உள்ள அரிசி இருக்காது. கதிர்க் கழுத்துல விழுந்துட்டா இலை எவ்வளவு பச்சையா இருந்தும் பிரயோஜனம் இல்ல, சத்து மேல போற வழியே அடைஞ்சுடும்.

பெரியப்பா பனசங்கரி: பச்சை ஏறட்டும்னு யூரியா போடச் சொன்னேனே

ரேவதி ஜிகேவிகே: ஐயோ. உடனே போன் போடுங்க. யூரியால இருக்கிற தழைச்சத்து கூடினா இந்த நோய்க்குக் கொண்டாட்டம். தூறல், பனி, ராத்திரிக் குளிர் எல்லாம் இருக்கு, பிபிடி வேற இதுக்குச் சட்டுனு விழுற ரகம்.

சுந்தர்: மருந்து?

ரேவதி ஜிகேவிகே: ட்ரைசைக்ளசோல். பூஞ்சை இலையைத் துளைக்க சுமார் 80 வளிமண்டல அழுத்தம் கட்டும், அதுக்குக் கருப்பு நிறமி வேணும். மருந்து அந்த நிறமியை நிறுத்திடும். செத்த இடம் பிழைக்காது, புது இலை தப்பிக்கும். அளவை வேளாண் விரிவாக்க மையத்துல கேட்டுக்கச் சொல்லுங்க. கடைக்காரர் சொல்ற மூணு மருந்தையும் கலக்க வேண்டாம்.

லலிதா அத்தை: நம்ம ஹொசகோட்டை ராகிக்கும் வருமா?

ரேவதி ஜிகேவிகே: வரும் அத்தை, இலை, கழுத்து, விரல் மூணுலயும். ஜிபியு 28 போட்டிருந்தா நல்லாத் தாங்கும். எங்க ஜிகேவிகே விவசாய யூனிவர்சிட்டி ரகம் 😎

பெரியப்பா பனசங்கரி: பேசிட்டேன். யூரியா பாதி வயலுக்குப் போட்டாச்சாம்.

ரேவதி ஜிகேவிகே: மிச்ச மூட்டையைத் தொட வேண்டாம். போட்ட பாதியில முதல்ல மருந்து அடிக்கச் சொல்லுங்க. நாலு நாள் கழிச்சு மேல் இலையைப் படம் எடுத்து அனுப்பட்டும்.