சதஹாரு ஓ: அடித்ததில் பெரியவரா, அணியை நடத்தியதிலா?

திருப்பூர்க்காரன்: எங்க கம்பெனிக்குச் சரக்கு வாங்க வந்த ஜப்பான் பையர் ஒருத்தர், கிரிக்கெட் பேச்சில் ஆரம்பித்து பேஸ்பாலுக்குப் போய், சதஹாரு ஓ என்று ஒருத்தர் 868 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்திருக்கிறார் என்றார். பிறகு பயிற்சியாளராகவும் ஜெயித்தாராமே, நிஜமாங்க?

கோபி வாத்தியார்: நிஜம்தாங்க. 1959ல் யொமியுரி ஜயன்ட்ஸ் என்ற டோக்கியோ அணியில் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராகச் சேர்ந்து, அப்புறம் பேட்டிங்குக்கு மாற்றப்பட்டவர், முதல் மூன்று வருஷம் பெரிதாக ஒன்றுமில்லை. 1962ல் அரகாவா என்ற பயிற்சியாளர்தான் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று அடிக்கப் பழக்கினார், அந்த வருஷமே 38 ஹோம் ரன். 1980ல் ஓய்வு.

பொள்ளாச்சி இளநீர்: அங்கே அணியை நடத்துபவரை மேனேஜர் என்பார்கள், தலைமைப் பயிற்சியாளர் மாதிரி, நம்ம பனியன் கம்பெனி மேனேஜர் இல்லை. 1984 முதல் 88 வரை ஜயன்ட்ஸை நடத்தி ஒரே ஒரு லீக் பட்டம், அதுவும் 1987ல். 1995ல் ஃபுகுவோகா நகரத்துக்குப் போய் ஹாக்ஸ் அணிக்குப் பொறுப்பேற்றார், தோற்றுக்கொண்டே இருந்ததால் 1996ல் சொந்த ரசிகர்களே டீம் பஸ் மேல் முட்டை வீசினார்கள். ஆனாலும் விட்டுப் போகவில்லை பாருங்க, 1999லும் 2003லும் ஜப்பான் சீரிஸ் என்ற தேசிய சாம்பியன் பட்டம், 2006ல் நாடுகளுக்கிடையே முதல்முறை நடந்த உலக பேஸ்பால் கிளாசிக்கில் ஜப்பான் அணியை நடத்தி கோப்பை.

திருப்பூர்க்காரன்: முட்டை அடி வாங்கியுமா! அடுத்த தடவை பையரிடம் இதைக் கேட்டே ஆகணும்.

கோபி வாத்தியார்: ஆர்டர் கையெழுத்தான பிறகு கேளுங்க சாமி, அவர் ஹாக்ஸ் ரசிகராக இருந்துவிடப் போகிறார்.