இலகு விமானம் வைத்திருப்பவர்களே, உங்களுடையதில் எதை மாற்றுவீர்கள்?

தாழ்இறக்கை:
இரண்டு பேர் உட்காரும் தாழ்இறக்கை விமானம், ரோடாக்ஸ் 912 யுஎல்எஸ் இன்ஜின். மூன்று வருஷத்தில் 400 மணி நேரத்துக்குக் கிட்டப் பறந்தாச்சு. வருடாந்திரப் பரிசோதனைக்கு எல்லாவற்றையும் கழற்றப் போகிறோம், கூடவே ஒன்றிரண்டு வேலையை முடித்துவிடலாம் என்று எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் தாண்டிவிட்டது. இரண்டாவது கருவித் திரை, ஆட்டோபைலட், கொஞ்சம் பெரிய டயர், நல்ல சீட். எல்லாவற்றுக்கும் மேலே கேனோபி, அதாவது தலைக்கு மேலே மூடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடி. வெயிலில் டாக்ஸி செய்து, அதாவது தரையில் ஓட்டிப் போய், வரிசையில் நிற்கும்போது கண்ணாடிக் குடுவைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, தலையில் மாட்டிய ஹெட்செட் வழுக்கி இறங்குகிறது. இதையெல்லாம் ஏற்கெனவே செய்தவர்கள் சொல்லுங்கள், எது காசுக்குத் தகும், எதை ஏன்டா செய்தோம் என்று நினைத்தீர்கள்?

தராசு:
திரை வாங்குவதற்கு முன்னால் விமானத்தை எடை போடுங்கள். விளம்பரத்தில் வரும் காலி எடை எந்தக் கூடுதல் சாமானும் இல்லாத விமானத்தோடது, நாம் வைத்திருப்பது அது இல்லை. உங்களுடையது மொத்த எடை 600 கிலோ வரம்பில் சான்று பெற்றது, காலி எடை 360 என்று வையுங்கள். மிச்சம் 240. ஆளுக்கு 85 கிலோ என்று இரண்டு பேர் ஏறினால் 70 தான் பாக்கி. நூறு லிட்டர் பெட்ரோலே 72 கிலோ. பையே வைக்கவில்லை, அதற்குள் 2 கிலோ கூடிவிட்டது. இதில் ஆட்டோபைலட்டின் சர்வோ மோட்டார், அதன் பிராக்கெட், ஒயர் எல்லாம் எங்கே போகும்?

நான் வருத்தப்படாத வேலை லித்தியம் பேட்டரி. சில கிலோ குறைந்தது. ஆனால் என் விமானத்தில் பேட்டரி மூக்கில் இருக்கிறது, அங்கே எடை போனதும் ஈர்ப்பு மையம் பின்னால் நகர்ந்துவிட்டது, கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. அதைவிட நல்லது, எடை கிட்டத்தட்ட ஏறவே ஏறாத இரண்டு வேலை: இரண்டு கார்புரேட்டரையும் கேஜ் வைத்துச் சமன் செய்வது, ப்ரொப்பல்லரை இன்ஜின் ஓடும்போதே பேலன்ஸ் பார்ப்பது. ஐடிலில், அதாவது இன்ஜின் குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போது, டாஷ்போர்டு நடுங்குவது நின்றதும் புது விமானம் வாங்கின மாதிரி இருந்தது.

கால்பிரேக்:
தராசு சொல்வது சரி, ஆனால் எடையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. என் குறை மூக்குச் சக்கரம். அது தன்னிஷ்டத்துக்குச் சுழலும் வகை, பெடலோடு தொடர்பு கிடையாது, திருப்புவதெல்லாம் பிரேக்கால்தான். பக்கவாட்டுக் காற்றில் ஒரு கிலோமீட்டர் டாக்ஸி என்றால் காற்றடிக்கும் பக்கம் மூக்கு திரும்பிக்கொண்டே இருக்கும், எதிர்ப்பக்க பிரேக்கை வழியெல்லாம் அழுத்தியபடி போக வேண்டும். ரன்வே ஓரத்துக்குப் போய்ச் சேரும்போது கருகல் வாடை வந்துவிடும், பெடல் மெத்தென்று இறங்கும்.

பெரிய டிஸ்க் போட்டேன், பாதி சரியானது. மீதிப் பாதி என் கால். ரோடாக்ஸில் ஐடிலை ரொம்பக் குறைத்தால் கியர்பாக்ஸ் கடகடவென்று அடிக்கும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வைப்போம், விமானம் சும்மா நின்றாலே முன்னால் இழுக்கும். அதை பிரேக்கைத் தேய்த்தபடியே அடக்கிக்கொண்டிருந்தேன். இப்போது வேகம் ஏறவிட்டு, நன்றாக ஒரு அழுத்து, அப்புறம் விட்டுவிடுவது. வாடை போயிற்று.

கவுலிங்கழற்றி:
கேனோபிக்குக் காற்றுத்துளை போடப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாதாரண ட்ரில் பிட்டை அக்ரிலிக்கில் வைக்காதீர்கள், கடைசி மில்லிமீட்டரில் கவ்வி இழுத்து ஓரத்தில் ஒரு கீற்று விடும், அந்தக் கீற்று ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். பிளாஸ்டிக்குக்கென்றே முனை தீட்டிய பிட் இருக்கிறது. உள்ளே துணி மறைப்பு கட்டுவதானால் தள்ளி மடிக்கிற மாதிரி கட்டுங்கள், தாழ்இறக்கையில் திரும்பும்போது எதிரே யார் வருகிறார்கள் என்று பார்ப்பதே தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடி வழியாகத்தான்.

என் ஆசை ரொம்பச் சின்னது. இன்ஜினைப் பார்க்க ஒரு நல்ல கதவு. இப்போது இருப்பது ஆயில் டேங்க் மூடிக்கு மட்டும், கை நுழையும் அளவு. ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றி, ஆயில் டேங்குக்குத் திரும்பிக் குளுக் என்று சத்தம் வந்ததும் அளவுக் குச்சியை எடுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கசிகிறதா, சைலன்சர் ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா என்று பார்க்க இன்ஜின் மேல்மூடியின் (கவுலிங்) ஸ்க்ரூ அத்தனையும் கழற்றணும். தினமும் யார் கழற்றுகிறார்கள்? ஸ்க்ரூவை எல்லாம் கால்வாசிச் சுற்றில் கழலும் பூட்டாக மாற்றியதிலிருந்து ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்கிறேன். அந்தச் சின்ன கதவுக்கும் ஒரு பயன் உண்டு: வெயிலில் இறங்கியதும் திறந்து வைத்தால் சூடு வெளியேறும், இருபது நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது குழாயில் பெட்ரோல் ஆவியாகித் திக்கித் திணறுவது குறையும்.

தராசு:
பூட்டு மாற்றுவதற்கு விமானக் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? அமெரிக்காவில் தொழிற்சாலையில் கட்டிய எஸ்-எல்எஸ்ஏ வகை இலகு விமானம் என்றால் அது இல்லாமல் தொடக்கூடாது. கம்பெனியை மூடிவிட்டுப் போயிருந்தால் கேட்க ஆளே இல்லை, இ-எல்எஸ்ஏ என்ற சோதனை வகைக்கு மாற்றிக்கொண்டவர்கள் நிறைய.

கவுலிங்கழற்றி:
வாங்கினேன் சார். கடிதம் வர நான்கு மாசம், வேலை ஒரு மத்தியானம்.

தாழ்இறக்கை:
பட்டியலில் ஆட்டோபைலட்டை அடித்துவிட்டேன், இரண்டாவது திரையையும்தான், கை கொஞ்சம் நடுங்கியது. காற்றுத்துளை, கால்வாசிச் சுற்றுப் பூட்டு, கார்புரேட்டர் சமன், இந்த மூன்றும் நிற்கின்றன. முதல் இரண்டுக்கும் இன்றே கம்பெனிக்கு மெயில் போடுகிறேன். சனிக்கிழமை எடை போட ஏற்பாடு.

கால்பிரேக்:
சீட்டுக்குப் பின்னால் கிடக்கிற டூல் பை, கயிறு, பழைய ஆயில் கேன் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். என்னுடையதில் ஒன்பது கிலோ இருந்தது.