தானா கத்துக்கிட்ட ஓவியர்களுக்குத் தனி மியூசியம் தேவையா?

கரித்துண்டு:
யார்கிட்டயும் பாடம் கேக்காம தானா வரைஞ்சவங்களுக்குன்னு ஒரு மியூசியம் ஆரம்பிக்கணும்ங்கறதுதான் என் கட்சி, அதுக்கு ஒரு திட்டம் எழுதி வச்சிருக்கேன், நீங்களும் கையெழுத்துப் போடணும். ஹென்றி டார்ஜர் சிகாகோல ஆஸ்பத்திரி துப்புரவுத் தொழிலாளி, 15,000 பக்கத்துக்கு மேல கதை எழுதி பெரிய பெரிய படமா வரைஞ்சு வச்சிருந்தாரு, 1973ல அவர் சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அவர் வாடகைக்கு இருந்த வீட்டோட ஓனர் கண்ணுல பட்டுது. அந்த ஓனர் குப்பைன்னு தூக்கிப் போட்டிருந்தா அவ்ளோதான்!

பழுப்புத்தாள்:
எனக்கு உடன்பாடு இல்லைங்க. தனி மியூசியம்னா தனிப் பந்தி. நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் 1937லயே வில்லியம் எட்மண்ட்சனுக்குத் தனிக் கண்காட்சி வச்சுது, அவரும் தானா சிற்பம் செதுக்கக் கத்துக்கிட்டவர்தான். பேருக்குக் கீழ "தானா கத்துக்கிட்டவர்"னு போட்டதும் ஜனங்க படத்துல இருக்கற கோடுகளைப் பாக்காம வரைஞ்சவரோட வாழ்க்கைக் கதையைப் படிக்க ஆரம்பிச்சிடறாங்க. பில் டிரெய்லர் அடிமையாப் பிறந்து 85 வயசு வாக்குல வரைய ஆரம்பிச்சவர், எல்லாரும் அதையேதான் சொல்றாங்க, ஆனா தூக்கிப்போட்ட அட்டையோட ஓரம் கோணலா இருந்தா அந்தக் கோணலுக்கே உருவத்தை வளைச்சு உக்கார வைப்பாரு பாருங்க, அதை யாரு பேசறா?

கரித்துண்டு:
ஒரு தடவை கண்காட்சி வைக்கறதும் காலத்துக்கும் வச்சுக் காப்பாத்தறதும் ஒண்ணா? பிரெஞ்சு ஓவியர் டூபுஃபே இந்த மாதிரி ஆளுங்க படங்களா 1945லேர்ந்து சேர்த்ததை 1971ல சுவிட்சர்லாந்துல இருக்கற லோசான் நகரத்துக்குக் குடுத்தாரு, 1976ல மியூசியமாத் திறந்தாங்க, இன்னிக்கும் இருக்கு. பொது மியூசியத்துல நம்மாளுங்க படம் எப்பவும் கோடவுன்லதான் கிடக்கும்.

காகிதவைத்தியர்:
பழைய காகிதங்களைச் சரி பண்றது என் வேலை, அதனால சொல்றேன். கட்டடத்தைப் பத்தி அப்புறம் பேசலாம். இவங்க கைக்குக் கிடைச்சதுல வரைஞ்சவங்க, மலிவு அட்டைல இருக்கற ஆசிட் அதையே தின்னும், ஸ்கெட்ச் பேனா மை வெளிச்சத்துல வெளுத்துடும், 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கற அலகு) மேல விளக்கு போடக்கூடாது, அதுவும் வருஷம் முழுக்க மாட்டி வைக்க முடியாது. டார்ஜர் தாளோட ரெண்டு பக்கமும் வரைஞ்சிருக்காரு, எந்தப் பக்கத்தைச் சுவத்துல ஒட்டுவீங்க? அமெரிக்க நாட்டுப்புறக் கலை மியூசியம் 2001ல புதுக் கட்டடம் திறந்து கடன் தாங்காம 2011ல வித்துச்சு, 2014ல அதை இடிச்சே தள்ளிட்டாங்க.

பழுப்புத்தாள்:
வாங்கினது அதே மாடர்ன் ஆர்ட் மியூசியம்தான், அது எனக்கும் வலிக்குது. சரி, தனி இடம் வேணும்னே வச்சுக்குவோம், உயிரோட இருக்கற ஓவியர்கள் கமிட்டில உக்காருவாங்களா? எதை மாட்டலாம் எதை விக்கலாம்னு அவங்கதான் சொல்லணும்.

கரித்துண்டு:
கமிட்டில பாதி அவங்கதான், இதுல மாத்துப் பேச்சே இல்ல. முதல் காசு ஸ்டோர் ரூமுக்கும் ஆசிட் இல்லாத பெட்டிக்கும்னு திட்டத்தை மாத்தி எழுதறேன். தனி இடம்ங்கறதை மட்டும் விட மாட்டேன்.

பழுப்புத்தாள்:
அப்போ சுவத்துல பேர், வருஷம், எதுல வரைஞ்சதுன்னு மட்டும் போடுங்க. அதுக்கு ஒத்துக்கிட்டா நானும் கையெழுத்துப் போடறேன்.